மலையம்மா முகம் மூடிய பங்குனி

என் வயதுக்காரர்கள் யாராவது இதைப் படிப்பதாக இருந்தால் முதலில் உட்கார்ந்துகொள்ளுங்கள். நின்றபடி படிக்கிற முட்டி இப்போது நமக்கு இல்லை. நானும் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். கேன்டீன் பின்பக்கம், எண்ணெய் டின்களுக்கு நடுவே, ஃபேனுக்கு அடியில்.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள். இன்றைக்குக் கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய் கண்டிகையிலும் ஷிஃப்ட் மணி அடித்தால் என் சோற்றுக்குத்தான் வரிசை நிற்கிறது. கோட்டுப் போட்ட பையன்கள் "மேடம்" என்று எழுந்து நாற்காலி தருகிறார்கள். என் சாம்பாரில் உப்பு குறைந்தால் ஒரு கம்பெனியே முகம் சுளிக்கும். எவன் தயவிலும் நான் இந்த இடத்துக்கு வரவில்லை. இதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு வராது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் கொஞ்ச காலமாக எல்லாம் அலுத்துவிட்டது. காலையில் எழுந்து அண்டாவைப் பார்த்தால், இன்னும் எத்தனை நாளைக்கு இதைக் கிண்டுவது என்று வருகிறது. சாவியை மருமகளிடம் கொடுத்துவிட்டால் ஆயிற்று. கொடுத்துவிட்டு என்ன செய்வது என்பதுதான் தெரியவில்லை.

நேற்று மலைமடத்துக்குக் கஞ்சி அனுப்பினேன். அதனால் வந்த நினைப்புதான் இது.

மலைமடம் என்றால் உங்களில் சிலருக்குத் தெரியும். ரயில் பாதைக்கு மேற்கே, ஃபேக்டரிப் புகைக்கு அந்தப் பக்கம் ஒரு குன்று. அதன் தலையில் ஒரு வெள்ளைக் கட்டடம். இப்போது வெள்ளை என்று சொன்னால் சிரிப்பீர்கள். கரி படிந்து பழைய தோசைக்கல் மாதிரி இருக்கிறது. வேதக்காரச் சாமியார்கள் கட்டிய மடம். எந்தக் காலத்திலோ கப்பலில் வந்து பழவேற்காட்டில் இறங்கி, காய்ச்சல் தாங்காமல் காற்றுக்காக உயரம் தேடி இந்தக் குன்றுக்கு வந்தார்கள் என்று சொல்வார்கள். பழவேற்காட்டு மீனவர்கள் ஏரியிலிருந்து கிளிஞ்சலை மூட்டை மூட்டையாக ஏற்றி அனுப்ப, அதைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கித்தான் சுவர் எழுப்பினார்களாம். சின்ன வயதில் அந்தச் சுவரில் நான் கன்னத்தை வைத்துப் பார்த்திருக்கிறேன். வெயில் காலத்திலும் பானைத் தண்ணீர் மாதிரி குளிர்ச்சி.

ஒருமுறை காலேஜிலிருந்து கேமராவோடு வந்தவர்கள் என் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டே எனக்குப் பாடம் எடுத்தார்கள். "இது பரோக் பாணிம்மா. ஐரோப்பாவுல ராஜாக்கள் காலத்துல இப்படித்தான் கட்டுவாங்க."

"எனக்குப் பரோட்டாதாம்பா தெரியும். இன்னும் ரெண்டு வெக்கட்டுமா?" என்றேன்.

பெயர் தெரியாவிட்டால் என்ன, அந்தக் கட்டடத்தின் உடம்பு முழுக்க எனக்குத் தெரியும். உள்ளே நேராக நிற்கிற தூண் ஒன்றுகூடக் கிடையாது. ஈரத்துணியை முறுக்கிப் பிழிந்த மாதிரி எல்லாம் சுற்றிச் சுற்றி மேலே போகும். நடுவில் பொன் பூசிய மரப் பீடம். சூரியன் வெடித்து நாலா பக்கமும் கதிர் குத்துகிற மாதிரி. அந்தப் பீடம் கப்பலில் துண்டு துண்டாக வந்ததாம். சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கிற றெக்கை வைத்த குழந்தைகளைச் செய்தவர்கள் மட்டும் நம் பக்கத்துக் கோவில் சுதைக்காரர்கள். சாமியார்கள் காட்டிய படத்தைப் பார்த்துச் செய்தார்கள், ஆனால் கை பழகிய வேலையை விடுமா? அந்தக் குண்டுக் குழந்தைகளின் இடுப்பில் அரைஞாண் கயிறு, காலில் தண்டை. ஒன்றுக்குக் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு. வெள்ளைக்காரக் குழந்தைக்குத் திருஷ்டிப் பொட்டு வைத்த ஊர் வேறு எங்கே இருக்கிறது?

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது கூரை. தட்டையான பலகைக் கூரை. அதில் ஒரு கோபுரத்தின் உட்பக்கத்தை வரைந்திருந்தார்கள். தரையில் ஓர் இடத்தில் கறுப்புக் கல் பதித்திருக்கும். அதன்மேல் நின்று அண்ணாந்தால் கூரை பொத்துக்கொள்ளும். கோபுரம் உயரே உயரே போய், கடைசியில் மேகமும் றெக்கைகளும் தெரியும். ஓர் எட்டு தள்ளி நின்றால் தூண்கள் எல்லாம் சரிந்து நம் தலையில் விழுகிற மாதிரி இருக்கும். ஒரு புயலில் அந்தக் கூரை போய்விட்டது. இப்போது தகர ஷீட் போட்டிருக்கிறார்கள். மழை பெய்தால் உள்ளே பேச முடியாது.

பீடத்தின் நடுவில் மாதா. நாங்கள் மாதா என்று சொல்ல மாட்டோம். எங்களுக்கு அவள் மலையம்மா. ஆவணி கடைசியில் அவளுக்குத் திருவிழா. ஆரம்பாக்கம் பக்கத்து வயல்காரர்கள், பழவேற்காட்டு மீனவர்கள் என்று எல்லாரும் புடவையும் பூவும் கொண்டுபோவோம். தை அறுப்பு முடிந்து புது அரிசி கொண்டுபோவோம். மற்ற நாளில் மலையேற எங்களுக்கு நேரம் ஏது? இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிறகு அம்மாவுக்கு வெகுகாலம் எதுவும் தங்கவில்லை. ஒரு திருவிழாவில் மலையம்மாவுக்குத் தொட்டில் கட்டிவிட்டு வந்தாள். அடுத்த திருவிழா முடிந்த கையோடு தம்பி பிறந்தான். மூக்கு அப்படியே நைனாவுடையது. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம், ஆந்திரா எல்லைக்கு அவ்வளவு பக்கம்.

நைனாவுக்கு ஓர் அக்காள். எனக்கு அத்தை. ஆரணியில் வாழ்க்கைப்பட்டவள்; மாமாவுக்கு அங்கே நெல் வியாபாரம். தாய் தகப்பன் இல்லாத நைனாவை இடுப்பில் வைத்து வளர்த்தது அத்தைதான். அவளுக்குப் பிள்ளை இல்லை. அந்த மாசியில் வந்தவள் திரும்பிப் போகவில்லை. தம்பியை மடியில் போட்டுக்கொண்டு, ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் கேட்டே விட்டாள்.

"உனக்குத்தான் பொண்ணு கீதே. இன்னும் வயசு கீது, பொறக்கும். இவனை எனக்குக் குடுத்துடு."

அம்மா கையில் எடுத்த சோற்றை வாயில் வைக்கவில்லை. "இன்னா அண்ணி, கீரைக்கட்டு கேக்கற மாதிரி கேக்கறீங்க?"

"கீரைக்கட்டுன்னா உன்னாண்ட எதுக்குடி கேக்கறேன்? சந்தையில வாங்கிக்க மாட்டேன்?"

நான் சிரித்துவிட்டேன். அம்மா முழங்கையால் இடித்தாள். நைனா தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அத்தைக்கு அவர் இல்லை என்று சொல்லி நான் பார்த்ததில்லை. அம்மாவுக்கும் அது தெரியும். அதனால் அவரிடம் பேசாமல் அத்தையிடமே சொன்னாள்.

"இவன் மலையம்மா குடுத்த புள்ளை. நானும் சொல்லல, நீங்களும் சொல்ல வாணாம். அவளாண்டயே கேட்டுக்கலாம்."

"நீ எதுக்குச் சொல்றேன்னு எனக்குத் தெரியும். சரி, கேளு. அவ குடுக்காதன்னா நான் வெறுங்கையா பூடுறேன்."

கேட்பதற்கு எங்களுக்கு ஒரு முறை இருந்தது. மலையம்மாவின் கைகளில் மல்லிகைச் சரத்தைச் சாத்திவிட்டு, கேட்க வேண்டியதை மனதில் வைத்து நிற்போம். வலப்பக்கம் பூ உதிர்ந்தால் சரி, இடப்பக்கம் உதிர்ந்தால் கூடாது. நிலத் தகராறிலிருந்து பெண் கொடுப்பது வரைக்கும் அப்படித்தான் கேட்டுக்கொண்டோம். சாமியார்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பார்கள்.

பங்குனி வெயிலில் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போனோம். அம்மா மடியில் தம்பி. அவள் தலைக்குக் குளித்து, கல்யாணப் புடவை கட்டியிருந்தாள். வழியெல்லாம் அவன் காதில் ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். மல்லிகைச் சரம் ஈர வாழையிலையில் என் மடியில் இருந்தது. அந்த ஈரம் பாவாடையில் இறங்கித் தொடை சில்லென்று இருந்தது இன்னும் நினைவிருக்கிறது.

கோவிலுக்குள் போனதும் ஏதோ சரியில்லை என்று பட்டது. பூ இல்லை. விளக்கு இல்லை. அம்மா நேரே நடுவில் போய்த் தம்பியை அந்தக் கறுப்புக் கல்லின்மேல் படுக்க வைத்துவிட்டு நிமிர்ந்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

மலையம்மாவைக் காணோம். அவள் நிற்கிற இடத்தில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு துணி, தலையிலிருந்து கால் வரைக்கும் மூடிக் கட்டியிருந்தது. சுரூபம் என்று அவர்கள் சொல்கிற பக்கத்துச் சிலைகளுக்கும் அதே துணிதான், ஆனால் அவற்றை யார் பார்த்தோம்?

இதை உங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் அம்மன் கோவிலில் தெருவில் சாவு விழுந்தாலோ, யாராவது தீட்டோடு உள்ளே வந்துவிட்டாலோ பூசாரி அம்மன் முகத்துக்கு முன்னால் துணி கட்டிவிடுவார். 'உங்களைப் பார்க்க அவளுக்கு இஷ்டமில்லை' என்று அர்த்தம். வேறு எதற்கும் சாமியின் முகத்தை மூடி நாங்கள் பார்த்ததில்லை.

முதலில் வாயைத் திறந்தது அத்தைதான். "ஐயோ, மூஞ்சிய மூடிக்கினாளே!"

பக்கக் கதவு வழியாக, மடத்து வாசலைப் பார்த்துக்கொள்கிற சாமியார் வந்தார். வெள்ளை அங்கி, கயிற்று இடுப்பு. எங்களை அவருக்குத் தெரியும். திருவிழாவில் எனக்கு வெல்லம் கொடுப்பவர். நைனா கையைக் கூப்பி, "சாமி, இன்னாச்சு? ஏன் மூடிட்டாங்க?" என்று கேட்டார். அவர் உதட்டில் விரலை வைத்தார். துணியைக் காட்டினார், தலையைக் குனிந்துகொண்டார். தம்பியைக் குனிந்து பார்த்து, அவன் நெற்றியில் விரலால் ஏதோ கோடு போட்டுவிட்டு வந்த வழியே போய்விட்டார். அந்தப் பருவத்தில் அவர்கள் வாய் திறப்பதில்லை என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

"சாமியாரே பேச மாட்றாரு பாரு," என்றாள் அத்தை. "இதுக்கு மேல இன்னா உத்தரவு வோணும்? பூ சாத்தக்கூட எடம் குடுக்கல அவ."

"அவுங்க மூஞ்சிய மூடிக்கினா நான் இன்னா பண்ணுவேன்?" என்றாள் அம்மா. "நான் இன்னா பண்ணேன் நைனா? நீங்களே சொல்லுங்க, நான் இன்னா பண்ணேன்?" நைனாவை அவளும் நைனா என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான், புருஷனிடம் கேட்டாளா, செத்துப்போன தகப்பனைக் கூப்பிட்டாளா தெரியாது.

எனக்கு அப்போதே வாய் நீளம், கை அதைவிட நீளம். பீடத்தின் படியில் ஏறி, அந்தத் துணியின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, தலையை உள்ளே விட்டேன். தூசியும் மெழுகும் சேர்ந்த ஒரு வாசனை. துணி வழியாக வந்த வெளிச்சத்தில் எல்லாமே ஊதா. கீழேயிருந்து பார்த்தபோது மோவாய் தெரிந்தது, உதடு தெரிந்தது. எப்போதும் போலத்தான்.

"யம்மா! சிரிச்சிக்கினுதான் கீறாங்க! கோவமெல்லாம் இல்ல, சிரிச்சிக்கினுதான் கீறாங்க!" என்று கத்தினேன்.

நைனா என்னைப் பிடித்து இழுத்து முதுகில் அறைந்தார். கோவில் முழுக்க அந்தச் சத்தம் போய்த் திரும்பி வந்தது. என்மேல் அதற்கு முன்னும் பின்னும் கை வைக்காத மனிதர். ஆனால் நான் சொன்னதை ஒருவரும் காதில் வாங்கவில்லை. சாமி துணியைத் தூக்கிவிட்டேனே என்ற பயம்தான் எல்லார் முகத்திலும். பெரியவர்கள் அத்தனை பேரும் துணியைப் பார்த்துக்கொண்டிருக்க, தம்பி ஒருவன்தான் கறுப்புக் கல்லில் மல்லாந்தபடி அந்தக் கூரைக் கோபுரத்தைப் பார்த்துக் கால் உதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அத்தை குனிந்து அவனைத் தூக்கிக்கொண்டாள். அம்மா தடுக்கவில்லை.

அடிவாரத்திலிருந்தே அத்தை ஆரணிப் பக்கம் போகிற பஸ்ஸைப் பிடித்துவிட்டாள். "ஒரு வருசத்துக்கு நீ வந்து பாக்காத. அவன் பழகட்டும்," என்று ஜன்னலிலிருந்து சொன்னாள். நைனா தலையாட்டினார். வண்டியில் திரும்பும்போது அம்மாவின் ரவிக்கை முன்னால் நனைந்துகொண்டே வந்தது. வெயிலில் காயும், மறுபடி நனையும்.

அன்று சாயங்காலம் சாத்தாமல் திரும்பி வந்த அந்த மல்லிகைச் சரத்தை அம்மா மார்பில் வைத்துத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பால் வற்ற மல்லிகை கட்டுவது நம் பெண்களுக்குத் தெரிந்த வைத்தியம். நான் இன்றைக்கும் தலையில் மல்லிகை வைப்பதில்லை. காசு இல்லாத காலத்தில் வைக்கவில்லை, காசு வந்த பிறகும் வைக்கவில்லை. கேட்பவர்களிடம் தலைவலி என்று சொல்லிவிடுவேன்.

அந்த வெயில் காலம் முழுக்க நைனா வயலிலேயே கிடந்தார். அம்மா பள்ளிக்கூடம் அனுப்ப மறந்தாள், நானும் நினைவுபடுத்தவில்லை. என் படிப்பு முடிந்தது அப்படித்தான், வேறு பெரிய கதையெல்லாம் கிடையாது.

அடுத்த வருஷம் அதே பங்குனியில் ஒரு நாள் அம்மா விடிந்ததும் ஒரு பையோடு கிளம்பிப் போய் இருட்டுகிற நேரத்துக்குத் திரும்பினாள். பையில் ஒரு மஞ்சள் சட்டை. அவளே கையால் தைத்தது. கழுத்தில் சிவப்பு நூல். கூடவே ஒரு கறுப்பு அரைஞாண் கயிறு. "யாருக்கும்மா?" என்றேன். "சும்மா," என்று பெட்டியின் அடியில் வைத்துவிட்டாள். பிறகு ஒவ்வொரு பங்குனியும் ஒரு நாள் தனியாக மலைக்குப் போய் வந்தாள். ஊரில், "பாவம், இன்னும் மன்னிப்புக் கேட்டுக்கினு கீறா," என்றார்கள்.

தம்பி ஆரணியில் நன்றாக வளர்ந்தான். பொய் சொல்லக் கூடாது, அத்தை அவனைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்தாள். லீவுக்கு வந்தால் எங்கள் அம்மாவை "அத்தே" என்று கூப்பிடுவான். அம்மா, "இன்னா கண்ணு," என்பாள். நாங்கள் யாரும் அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஊர் எப்போது சொன்னதோ தெரியாது, ஒரு நாள் முதல் என்னை மட்டும் "அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தான். அதற்கு மேல் அவனும் கேட்கவில்லை.

அப்புறம் ஃபேக்டரிகள் வந்தன. வயல் போனது. கட்டட வேலைக்காரர்களுக்கு நான் கூடையில் இட்லி நாஷ்டா தூக்கிப்போய் விற்றேன், பிறகு தள்ளுவண்டி, பிறகு கொட்டகை. இதை நான் ஆயிரம் தடவை சொல்லியாயிற்று, என் பேரன்கள் காதைப் பொத்திக்கொள்கிறார்கள். கேன்டீன் பெரிதான பிறகு ஒரு வருஷம் மலைமடத்திலிருந்து ஆள் வந்தது. சாமியார்கள் குறைந்துவிட்டார்கள், வெள்ளிக்கிழமை வருகிற கூட்டத்துக்குக் கஞ்சி ஊற்ற ஆளில்லை, நீங்கள் செய்து தர முடியுமா என்று.

நானே அண்டாவோடு போனேன். ஊரே பார்க்க என் வேனில் போனேன், உண்மையைச் சொல்கிறேன். உள்ளே எட்டிப் பார்த்தால், ஓர் இளவட்டச் சாமியார் ஏணியில் நின்று மலையம்மாவுக்கு அந்தக் கத்தரிப்பூத் துணியைக் கட்டிக்கொண்டிருக்கிறார். வாயில் குண்டூசி.

கரண்டியோடு ஏணிக்கு அடியில் போய் நின்றேன். "என்ன தப்பு நடந்துச்சு சாமி?"

அவர் ஊசியை எடுத்துவிட்டுச் சிரித்தார். "தப்பு ஒண்ணும் இல்லம்மா. தவக்காலம். வருசா வருசம் எல்லா சுரூபத்தையும் மூடுவோம். ஈஸ்டருக்கு, பாஸ்கா திருவிழாவுக்குத் திறந்துடுவோம். நூத்துக்கணக்கான வருசமா இதான் வழக்கம்."

வேனைத் திருப்பிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்தேன். அம்மா அப்போது என்னோடுதான் இருந்தாள். நைனா போய்ச் சேர்ந்து பல வருஷம். ஏசி போட்ட அறையில், ஏசியை அணைத்துவிட்டு, முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என் கேன்டீன் அரிசியில் கல் இருக்காது. அது தெரிந்தும் புடைப்பாள்.

நான் கதவிலேயே நின்று கத்தினேன். "யம்மா, அது கோவம் இல்லம்மா! வருசா வருசம் மூடுவாங்களாம்! நம்மளுக்காக மூடல, ஊருக்கே மூடினது! அநியாயமா புள்ளையத் தூக்கிக் குடுத்துட்டமேம்மா!"

அம்மா முறத்தை ஒரு தட்டு தட்டினாள். "தெரியும்டி."

"இன்னா தெரியும்?"

"அதான். எனக்குத் தெரியும்."

"எப்பத்துல இருந்து?"

"அடுத்த வருசமே. மன்னிப்பு கேட்டுக்கினு, வருசமாச்சேன்னு அவனையும் ஒரு எட்டு பாத்துட்டு வரலாம்னுதான் போனேன். அன்னைக்கும் துணி கட்டிக் கீது. குந்திக்கினு அழுதேன். அங்க பெருக்கற அம்மா வந்து, இன்னாத்துக்கு அழுவற, இது வருசா வருசம் கட்டறது, பண்டிகை அன்னைக்கு அவுத்துடுவாங்கன்னு சொன்னா."

"அப்ப சொல்றதுக்கு இன்னா? ஊட்டுக்கு வந்து நைனாவாண்ட சொல்றதுக்கு இன்னா?"

"ஊட்டுக்கு எங்க வந்தேன்? மலையிலேர்ந்து நேரா ஆரணிக்குப் பஸ்ஸு ஏறிட்டேன். புள்ளையத் தூக்கினு வந்துடலாம்னு."

கட்டிலில் உட்கார்ந்தேன்.

"நடக்கக் கத்துக்கினு கீறான். கதவாண்ட நின்னான். வாடா கண்ணுன்னு கைய நீட்டினேன். 'ம்மா'ன்னு கத்திக்கினு ஓடிப்போயி உங்க அத்தை பொடவைக்குள்ள மூஞ்சிய மூடிக்கினான்."

அம்மா அரிசியில் இல்லாத கல்லைத் தேடினாள்.

"உங்க அத்தை ஒண்ணுமே கேக்கல. என் மூஞ்சியப் பாத்ததுமே அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு போல. எல போட்டா. சோறு வெச்சா. கொழம்பு ஊத்தறா, எலைக்கு வெளிய ஊத்துது. இன்னும் கொஞ்சம் போடட்டுமாடின்னா. போதும் அண்ணின்னு கை கழுவினு வந்துட்டேன்."

எனக்குப் பெட்டியின் அடியில் கிடந்த அந்த மஞ்சள் சட்டை நினைவுக்கு வந்தது. தைத்து எடுத்துக்கொண்டு போனவள், அதையாவது கொடுத்திருக்கலாமே.

"சட்டையாவது அவன்கிட்ட குடுத்துட்டு வந்திருக்கலாமேம்மா."

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். இவ்வளவு பெரிய கேன்டீன் நடத்துகிறவளுக்கு இது தெரியவில்லையே என்பது போல ஒரு பார்வை.

"முந்தின வருசம் என் கையில இருந்த அளவுக்குத் தெச்சுட்டேன்டி," என்றாள். "அவனுக்குப் பத்தல."